டேங்க் (சொல்)

டேங்க் என்பது பல பொருள்களில் வழங்கும் ஓர் ஆங்கிலச் சொல் ஆகும். நீர், எண்ணெய், வளிமம் முதலியவற்றைச் சேமித்து வைக்கும் பெரிய கலம், பாசனத்துக்காக மழைநீரைத் தேக்கி வைக்கும் ஏரி அல்லது கண்மாய், போரில் பயன்படும் கவச வண்டி ஆகியவை இதன் முதன்மையான பொருள்கள். இம்மூன்றனுள் கண்மாயைக் குறிக்கும் பொருள் இந்தியா, இலங்கை ஆகிய நாடுகளின் ஆங்கிலத்துக்கே சிறப்பாக உரியது.

தமிழ்ப் பேச்சு வழக்கிலும் இச்சொல் பரவலாகக் கலந்துள்ளது. விருதுநகர் மாவட்டத்தின் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் போன்ற வறண்ட பகுதிகளில் ஒரே ஊரில் இச்சொல் இரு வேறு பொருள்களில் வழங்குகின்றது. ஊர் மக்கள் "டேங்க்" என்று சொன்னால் அது உயரமான தூண்களின் மேல் நிற்கும் குடிநீர்த் தொட்டியைக் குறிக்கும். அரசின் பொறியியல் ஆவணங்களில் "டேங்க்" என்று எழுதப்பட்டிருந்தால் அது ஊர்க் கண்மாயைக் குறிக்கும். கண்மாயை மக்கள் டேங்க் என்று சொல்வதில்லை. அதனைக் "கம்மா" அல்லது "கம்மாய்" என்றே வழங்குகின்றனர்.

சொற்பிறப்பு

டேங்க் என்னும் சொல் 17 ஆம் நூற்றாண்டில் இந்தியாவுடன் ஏற்பட்ட வணிகத் தொடர்பினால் ஆங்கிலத்தில் நுழைந்தது. குசராத்தி, மராத்தி ஆகிய மொழிகளில் நிலத்தடி நீர்த்தொட்டியைக் குறிக்கும் டாங்கு, டாங்கே என்னும் சொற்கள் இதன் மூலமாகக் கருதப்படுகின்றன. குசராத்தின் பழைய வீடுகளில், கூரையில் விழும் மழைநீரைச் சேமிப்பதற்கு முற்றத்தின் அடியில் கட்டப்பட்ட தொட்டிகள் இன்றும் "டாங்கா" எனப்படுகின்றன. இச்சொற்கள் தடாக என்னும் சமசுக்கிருதச் சொல்லிலிருந்து தோன்றியிருக்கலாம் என்ற கருத்தும் உண்டு. அவ்வாறாயின் தமிழில் வழங்கும் "தடாகம்" என்பதும் ஆங்கில "டேங்க்" என்பதும் ஒரே வேரைக் கொண்டவை ஆகும்.

போர்த்துக்கேய மொழியில் குளத்தையும் தொட்டியையும் குறிக்கும் "தாங்க்கே" என்னும் சொல் உள்ளது. இது நீரைத் தடுத்து நிறுத்துதல் என்னும் பொருள் கொண்ட வினையுடன் தொடர்புடையது. இந்தியக் கடற்கரையில் ஆங்கிலேயருக்கு முன்பே போர்த்துக்கேயர் வணிகம் செய்ததனால், இரு சொற்களும் ஒன்றோடொன்று கலந்தே ஆங்கிலச் சொல்லின் இன்றைய வடிவமும் பொருளும் உருவாயின எனலாம்.

கண்மாய், ஏரி, குளம்

ஆங்கிலேயர் தென்னிந்தியாவில் கண்ட நீர்நிலைகள் பலவற்றையும் டேங்க் என்னும் ஒரே சொல்லால் குறித்தனர். தமிழில் இவை அளவு, அமைப்பு, பயன் ஆகியவற்றைப் பொறுத்து வெவ்வேறு பெயர்களைப் பெறுகின்றன. அவற்றுட் சில பின்வருமாறு:

- ஏரி: பாசனத்துக்கான பெரிய நீர்நிலை. வட தமிழ்நாட்டில் மிகுதியாக வழங்கும் பெயர்.
- கண்மாய்: மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம், விருதுநகர் மாவட்டங்களில் பாசன ஏரிக்கு வழங்கும் பெயர். கண்வாய் என்னும் சொல்லின் திரிபு என்பர். கண் என்பது நீர் வெளியேறும் துளையைக் குறிக்கும்.
- குளம்: திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரி மாவட்டங்களிலும் இலங்கையின் தமிழ்ப் பகுதிகளிலும் பாசன நீர்நிலையைக் குறிக்கும். பிற இடங்களில் சிறிய நீர்நிலைக்கும் இப்பெயர் வழங்கும்.
- ஏந்தல்: மழைநீரை ஏந்தி வைக்கும் சிறிய பாசன நீர்நிலை. தென் மாவட்டங்களில் பல ஊர்ப் பெயர்களின் இறுதியாக அமைந்துள்ளது.
- தாங்கல்: சிறிய ஏரி. வேடந்தாங்கல், பழவந்தாங்கல் முதலிய வடபகுதி ஊர்ப் பெயர்களில் காணப்படுகின்றது.
- ஊருணி: ஊரார் உண்பதற்குரிய நீரைக் கொண்ட நீர்நிலை. வழக்கில் ஊரணி எனவும் சொல்வர்.
- தெப்பக்குளம்: படிக்கட்டுகளுடன் அமைந்த கோயில் குளம். ஆங்கிலத்தில் இதுவும் டேங்க் என்றே குறிக்கப்படும்.

இந்தியாவின் பல நகரங்களில் ஆங்கிலேயர் இட்ட பெயர்களில் இப்பொருள் இன்றும் எஞ்சியுள்ளது. ஐதராபாத்தில் உசேன் சாகர் ஏரியின் கரை "டேங்க் பண்ட்" எனப்படுகின்றது. சென்னை நுங்கம்பாக்கத்தில் "டேங்க் பண்ட் ரோடு" என்னும் சாலை உண்டு. மயிலாப்பூர், மாம்பலம், நுங்கம்பாக்கம் பகுதிகளில் நீண்டு கிடந்த ஏரி, ஆங்கிலத்தில் "லாங் டேங்க்" எனப்பட்டது. 1920களில் அதன் மாம்பலம் பகுதி வடிக்கப்பட்டு அங்கே தியாகராய நகர் உருவானது. நீர்நிலை மறைந்த பின்னரும் சாலைப் பெயர்கள் அதனை நினைவூட்டுகின்றன.

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில்

அருப்புக்கோட்டை, திருச்சுழி ஆகியவை 1985 ஆம் ஆண்டு வரை இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தவை. அவ்வாண்டு முதல் இன்றைய விருதுநகர் மாவட்டத்தில் அடங்குகின்றன. இவ்வட்டாரத்தின் ஆண்டு மழையளவு ஏறத்தாழ 800 மில்லிமீட்டர். இதில் பெரும்பகுதி வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில், அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான சில வாரங்களுக்குள் பெய்து விடுகின்றது. ஆண்டு முழுதும் ஓடும் ஆறு இங்கு இல்லை. திருச்சுழி வழியாகச் செல்லும் குண்டாறு மழைக்காலத்தில் மட்டுமே நீர் ஓடும் ஆறு ஆகும். பல இடங்களில் நிலத்தடி நீர் உவர்ப்பானது. எனவே சில வாரங்களில் பெய்யும் மழையைப் பல மாதங்களுக்குத் தேக்கி வைப்பதே இங்கு வேளாண்மைக்கும் குடியிருப்புக்கும் அடிப்படையாக இருந்து வந்துள்ளது.

கரிசல் நிலங்களில் பருத்தி, சோளம், கம்பு, மல்லி, மிளகாய், மக்காச்சோளம் முதலியவை மானாவாரியாகப் பயிராகின்றன. நெல் பெரும்பாலும் கண்மாய்ப் பாசன நிலங்களில் விளைகின்றது. ஒரு கண்மாயின் உறுப்புகள் பின்வருமாறு:

- வரத்துக்கால்: மழைநீரையோ ஆற்றுநீரையோ கண்மாய்க்குக் கொண்டுவரும் கால்வாய்.
- உள்வாய்: நீர் பரவி நிற்கும் உட்பகுதி.
- கரை: நீரைத் தடுத்து நிறுத்தும் மண் அணை. மூன்று பக்கங்களில் அமைந்து, நிலச்சரிவின் மேல் பக்கம் திறந்திருக்கும்.
- மடை: பாசனத்துக்கு நீரைத் திறந்துவிடும் அமைப்பு.
- கலுங்கு: கண்மாய் நிறைந்தபின் மிகை நீர் வழிந்தோடும் அமைப்பு.
- ஆயக்கட்டு: அக்கண்மாயால் பாசனம் பெறும் நிலப்பரப்பு.

ஒரு கண்மாயின் கலுங்கில் வழியும் நீர் அடுத்த கண்மாயின் வரத்துக்காலில் சேர்கின்றது. இவ்வாறு நிலச்சரிவை ஒட்டி மேலிருந்து கீழாகக் கண்மாய்கள் சங்கிலித் தொடராக அமைந்துள்ளன. ஆகவே எந்தக் கண்மாயும் தனித்து இயங்குவதில்லை. மேலே உள்ள கண்மாயின் கலுங்கு உயர்த்தப்பட்டால் கீழ் ஊருக்கு நீர் வருவது குறையும். மேலே உள்ள கரை உடைந்தால் கீழே உள்ள கரைகளுக்கும் ஆபத்து உண்டாகும்.

மடையைத் திறந்து ஆயக்கட்டு நிலங்களுக்கு முறைப்படி நீர் பாய்ச்சுபவர் "நீர்ப்பாய்ச்சி" எனப்படுவார். அறுவடையின்போது நிலவுடைமையாளர்கள் அவருக்குத் தானியத்தைக் கூலியாக அளிப்பது வழக்கம். கோடையில் நீர் வற்றியபின் உள்வாயில் படிந்த வண்டலாகிய கரம்பை மண்ணை உழவர்கள் வண்டிகளில் எடுத்துச் சென்று வயலுக்கு உரமாக இட்டனர். இதனால் வயல் வளம் பெற்றதுடன் கண்மாயும் தூர்வாரப்பட்டது. கண்மாய் மீன், கரையிலுள்ள மரங்கள் ஆகியவை ஏலம் விடப்பட்டு ஊர்ப் பொது வருவாயாக அமைந்தன.

இப்பகுதியில் நீர்நிலை அமைத்தல் மிகப் பழமையானது. சாத்தூருக்கு அருகிலுள்ள எருக்கங்குடியில் கிடைத்த, 9 ஆம் நூற்றாண்டுப் பாண்டிய மன்னன் சீமாறன் சீவல்லபன் காலக் கல்வெட்டு, இருப்பைக்குடி கிழவன் எட்டிச் சாத்தன் என்பவர் குளங்களை அமைத்த அறத்தைப் போற்றுகின்றது.

ஊருணி கண்மாயிலிருந்து வேறுபட்டது. இதற்குப் பாசன மடையும் ஆயக்கட்டும் இல்லை. குடிநீருக்கு உரியதாகையால் இதில் குளித்தல், துணி துவைத்தல், கால்நடைகளை இறக்குதல் ஆகியவற்றைப் பல ஊர்கள் தடை செய்திருந்தன. கண்மாய் நீர் நிலமுடையோருக்கு நேரடியாகப் பயன்பட்டது. ஊருணி நீர் நிலமற்றோருக்கும் வாழ்வாதாரமாக இருந்தது. எனினும் சாதி வேறுபாட்டின் காரணமாகப் பல ஊர்களில் எல்லோரும் ஒரே ஊருணியில் நீர் எடுக்க இயலாத நிலையும் இருந்தது.

அரசு ஆவணங்களில்

சென்னை மாகாணத்தில் 1883 ஆம் ஆண்டில் "டேங்க் ரெஸ்டொரேஷன் ஸ்கீம்" எனப்பட்ட ஏரிச் சீரமைப்புத் திட்டம் தொடங்கப்பட்டது. இதன்கீழ் ஒவ்வொரு நீர்நிலைக்கும் அதன் கொள்ளளவு, கரையின் நீளம், மடைகளின் மட்டம், ஆயக்கட்டு முதலியவற்றைக் கொண்ட "டேங்க் மெமாயர்" என்னும் குறிப்பேடு உருவாக்கப்பட்டது. இத்திட்டம் அரசுக்கு நேரடியாக வரி செலுத்திய இரயத்துவாரிப் பகுதிகளுக்கே உரியதாக இருந்தது. அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தின் பெரும்பகுதி இராமநாதபுரம் ஜமீனைச் சேர்ந்தது. 1948 ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பின்னரே இத்தகைய பகுதிகளின் கண்மாய்கள் அரசின் பொறுப்புக்கு வந்தன. ஆவணங்களில் அவை "எக்ஸ் ஜமீன் டேங்க்" என இன்றும் தனி வகையாகக் குறிக்கப்படுகின்றன.

தமிழ்நாட்டில் உள்ள 39,000க்கும் மேற்பட்ட பாசன ஏரி, குளம், கண்மாய்கள் நிருவாகத்தின் அடிப்படையில் பிரிக்கப்பட்டுள்ளன. 40 ஹெக்டேர் அல்லது அதற்கு மேற்பட்ட ஆயக்கட்டு உடையவை பொதுப்பணித் துறையிடமும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியங்களிடமும் இருந்தன. 2021 ஆம் ஆண்டில் நீர்வளத் துறை தனித் துறையானபின் பெரிய கண்மாய்கள் அத்துறையின் பொறுப்பில் உள்ளன. ஆறு அல்லது அணையிலிருந்து நீர் பெறுபவை "சிஸ்டம் டேங்க்" எனவும், மழைநீரை மட்டும் நம்பியவை "நான் சிஸ்டம் டேங்க்" எனவும் பொறியாளர்களால் வகைப்படுத்தப்படுகின்றன.

இச்சொல்லின் பொருள் எல்லை சட்டத்திலும் முக்கியத்துவம் பெறுகின்றது. தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம், 2007 என்பதன் ஆங்கிலப் பெயரில் "டேங்க்" என்னும் சொல்லே இடம்பெறுகின்றது. ஆயினும் அச்சட்டம் பொதுப்பணித் துறையின் கட்டுப்பாட்டிலும் நிருவாகத்திலும் உள்ள ஏரிகளுக்காக இயற்றப்பட்டது. ஒன்றியக் கண்மாய்களும் ஊருணிகளும் பொதுவழக்கில் "டேங்க்" என்னும் சொல்லுள் அடங்கினும் இச்சட்டத்தின் நேரடி வரம்புக்குள் வருவதில்லை. அவற்றின் ஆக்கிரமிப்புகளுக்கு 1905 ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம் பயன்படுத்தப்படுகின்றது.

தொட்டி

இன்றைய உலகில் இச்சொல் மிகுதியாகக் குறிப்பது தொட்டியையே ஆகும். ஊர்திகளின் எரிபொருள் தொட்டி, வளிமங்களைச் சேமிக்கும் தொட்டி, மீன் வளர்க்கும் கண்ணாடித் தொட்டி ஆகிய அனைத்தும் ஆங்கிலத்தில் டேங்க் எனப்படுகின்றன. நீர்மங்களை ஏற்றிச் செல்லும் கப்பலுக்கும் லாரிக்கும் வழங்கும் டேங்கர் என்னும் பெயர் இதிலிருந்து தோன்றியதாகும்.

ஊராட்சிகளில் உள்ள மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியை மக்கள் டேங்க் என்றும், அதனை இயக்குபவரை "டேங்க் ஆபரேட்டர்" என்றும் அழைக்கின்றனர். கண்மாய்க்கு ஒரு நீர்ப்பாய்ச்சி போலக் குடிநீர்த் தொட்டிக்கு ஓர் ஆபரேட்டர் உள்ளார். இத்தொட்டியில் ஏறும் நீர் ஆழ்துளைக் கிணற்றிலிருந்தோ, வெளி ஆறுகளை ஆதாரமாகக் கொண்ட கூட்டுக் குடிநீர்த் திட்டத்திலிருந்தோ வருகின்றது. அருப்புக்கோட்டை நகரும் தொலைவிலுள்ள வைகை, தாமிரபரணி ஆற்று நீரைக் குழாய் வழியே பெறுகின்றது.

வீட்டு மாடிகளில் வைக்கப்படும் பிளாஸ்டிக் தொட்டி 1970களில் குசராத்தின் கலோல் நகரில் சின்டெக்ஸ் என்னும் வணிகப் பெயரில் உற்பத்தி செய்யப்பட்டது. தமிழ்நாட்டில் எந்த நிறுவனத்தின் தொட்டியையும் "சின்டெக்ஸ்" என்று சொல்லும் அளவுக்கு அப்பெயர் பொதுப்பெயராகிவிட்டது.

கழிப்பறைக் கழிவு சேரும் நிலத்தடித் தொட்டி "செப்டிக் டேங்க்" எனப்படும். மூடிய தொட்டிக்குள் உண்டாகும் நச்சு வளிமங்களால் அதனுள் இறங்குவோர் உயிரிழக்க நேர்கின்றது. பாதுகாப்புக் கருவிகளின்றி மனிதரை இத்தொட்டிகளில் இறக்குவதை 2013 ஆம் ஆண்டின் நடுவண் அரசுச் சட்டம் தடை செய்துள்ளது.

கவச வண்டி

முதல் உலகப் போரின்போது பதுங்கு குழிகளையும் முள்வேலிகளையும் கடந்து செல்லக்கூடிய கவச வண்டி ஒன்றைப் பிரித்தானியா மறைவாக உருவாக்கியது. இதற்கான குழு 1915 ஆம் ஆண்டு பிப்ரவரியில் அமைக்கப்பட்டது. தொடக்கத்தில் இவ்வண்டி "நிலக் கப்பல்" என அழைக்கப்பட்டது. இப்பெயர் அதன் நோக்கத்தை வெளிப்படுத்திவிடும் என்பதால், பார்ப்பவர்கள் நீர்த்தொட்டி எனக் கருதும் வகையில் 1915 டிசம்பரில் "டேங்க்" என்னும் மறைபெயர் இடப்பட்டது. 1916 செப்டம்பர் 15 அன்று பிரான்சில் நடைபெற்ற சொம் சண்டையின் ஒரு பகுதியில் இவ்வண்டிகள் முதன்முதலில் போரில் ஈடுபட்டன. அதன்பின் மறைபெயரே நிலையான பெயராயிற்று.

இந்தியாவில் சென்னையை அடுத்த ஆவடியில் உள்ள கனரக ஊர்தித் தொழிற்சாலையில் விசயந்தா, அர்சுன் முதலிய கவச வண்டிகள் உற்பத்தி செய்யப்பட்டன. தமிழ்நாட்டில் இது பீரங்கி வண்டி, கவச வண்டி எனவும், இலங்கைத் தமிழில் டாங்கி எனவும் வழங்குகின்றது.

பிற பொருள்கள்

- திங்க் டேங்க்: கொள்கைகளை ஆராய்ந்து கருத்துரைக்கும் அமைப்பு. தமிழில் சிந்தனைக் குழு எனப்படும்.
- டேங்க் டாப்: கையில்லாத மேற்சட்டை. நீச்சல் குளமும் முன்னர் டேங்க் எனப்பட்டதால் நீச்சல் உடையின் வழியாக இப்பெயர் ஏற்பட்டது.
- வினைச்சொல்லாக: பெரும் தோல்வியடைதல், விளையாட்டில் வேண்டுமென்றே தோற்றல். இவை பேச்சு வழக்கு.

தமிழாக்கம்

இச்சொல்லைத் தமிழில் பெயர்க்கும்போது இடத்துக்கு ஏற்ற சொல்லைத் தெரிவு செய்தல் வேண்டும். தமிழ்நாட்டில் கலத்தைத் "தொட்டி" என்பர். இலங்கையில் "தாங்கி" என்பர். நீர்த்தாங்கி, எண்ணெய்த்தாங்கி என்பன இலங்கைத் தமிழ் வழக்குகள். தாங்கி என்பது ஒலியால் ஆங்கிலச் சொல்லை ஒத்திருப்பதுடன், தாங்கு என்னும் தமிழ் வினையிலிருந்து அமைந்த பெயராகவும் பொருள் தருகின்றது. நீர்நிலையைக் குறிக்கும் தாங்கல், ஏந்தல் ஆகிய சொற்களும் இவ்வாறே தாங்குதல், ஏந்துதல் என்னும் வினைகளை அடிப்படையாகக் கொண்டவை.

பாசன நீர்நிலையைக் குறிக்கும் இடத்தில் தொட்டி என்று பெயர்ப்பது பிழையாகும். அருப்புக்கோட்டைப் பகுதியைப் பற்றிய ஆங்கில அறிக்கையில் வரும் "டேங்க்" கண்மாயாகும். காஞ்சிபுரம் பகுதியைப் பற்றியதாயின் ஏரியாகும். கிளிநொச்சியைப் பற்றியதாயின், இரணைமடுக் குளம் என்பதுபோல, குளமாகும். சிங்களத்தில் இது "வெவ" எனப்படும். ஆங்கில வாக்கியத்தில் மடை, ஆயக்கட்டு ஆகியவை பற்றிய குறிப்பு உள்ளதா, குடிநீர் பற்றிய குறிப்பு உள்ளதா என்பதைக் கவனித்துக் கண்மாயையும் ஊருணியையும் வேறுபடுத்தலாம்.

பொருள் வேறுபாட்டின் முக்கியத்துவம்

தொட்டி என்பது எல்லாப் பக்கமும் அடைபட்ட கலம். அதன் உட்பகுதியைத் தூய்மை செய்து ஆழப்படுத்தினால் அதிக நீர் கொள்ளும். கண்மாய் அத்தகையது அன்று. அதன் பயன் வரத்துக்கால், கலுங்கு, அடுத்த கண்மாய் என்பன போன்ற, அதற்கு வெளியே உள்ள உறுப்புகளைச் சார்ந்தது. வரத்துக்கால் அடைபட்டிருந்தால் உள்வாயை எவ்வளவு ஆழப்படுத்தினாலும் நீர் வந்து சேராது. மடையின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டப்பட்ட ஆழத்தில் நிற்கும் நீர் தானாக வயலுக்குப் பாயாது. அதனைப் பொறி கொண்டே இறைக்க வேண்டும். அந்நீர் கால்நடைகளுக்கும் நிலத்தடி நீர் ஊறுவதற்கும் பயன்படும். எனினும் ஆயக்கட்டின் கணக்கில் அது சேராது.

கண்மாய்களைப் பேணும் பணியில் ஊரார் பங்கேற்ற முறை "குடிமராமத்து" எனப்பட்டது. 1858 ஆம் ஆண்டின் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம் இதற்குச் சட்ட வடிவம் அளித்தது. காலப்போக்கில் இவ்வழக்கம் நலிவடைந்தது. 2017 மார்ச்சில் தமிழ்நாடு அரசு இதே பெயரில் 100 கோடி ரூபாய் மதிப்பில் 1,519 பணிகளைக் கொண்ட திட்டத்தைத் தொடங்கியது. அதே ஆண்டில், நீர்நிலைகளில் பரவியுள்ள சீமைக் கருவேல மரங்களை அகற்றுமாறு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆணையிட்டது. அருப்புக்கோட்டை, திருச்சுழி பகுதிகளில் உள்வாய்களையும் வரத்துக்கால்களையும் இம்மரம் அடைத்துள்ளது. மறுபுறம், மழை பொய்த்த ஆண்டுகளில் இதனை வெட்டிக் கரி மூட்டம் போடுவது நிலமற்ற பலருக்கு வருவாயாகவும் உள்ளது.

காவிரி, வைகை, குண்டாறு இணைப்புத் திட்டத்துக்கு 2021 பிப்ரவரி 21 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. ஏறத்தாழ 262 கிலோமீட்டர் நீளக் கால்வாய் வழியாகக் காவிரியின் வெள்ளநீரைக் குண்டாறு வரை கொண்டுவருவது இதன் நோக்கம். அந்நீர் வந்து சேரும்போது அதனைப் பெற்று ஊர்தோறும் பங்கிட வேண்டியவை இக்கண்மாய்களே. ஆவணத்தில் "டேங்க்" எனப் பதிவாகும் நீர்நிலையுடன் அதன் வரத்துக்காலும் கலுங்கும் சேர்த்துப் பேணப்பட்டால் மட்டுமே இது இயலும்.

இவற்றையும் பார்க்க

- கண்மாய்
- ஊருணி
- குடிமராமத்து
- குண்டாறு
- மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி
- கவச வண்டி